எந்தப் படத்துக்கு முதல் ரேங்க்?

வருஷக் கடைசியில் ஹாஸ்டலில் தவறாமல் வரும் சண்டை: இந்த வருஷம் பார்த்ததில் முதல் படம் எது? ஒருத்தன் வசூலைச் சொல்வான், இன்னொருத்தன் பாட்டைச் சொல்வான்.

1961-ஐ எடுத்துக்கொள்வோம். சிவாஜிக்கு அந்த வருஷம் பாவமன்னிப்பு, பாசமலர், பாலும் பழமும் என்று பீம்சிங் இயக்கிய மூன்று படங்கள் ஓடு ஓடென்று ஓடின. நம்ம ஓட்டப்பிடாரத்தில் பிறந்த வ.உ.சி.யின் கதையைச் சொன்ன பந்துலுவின் 'கப்பலோட்டிய தமிழன்' வசூலில் சறுக்கியது. ஆனால் தமிழின் சிறந்த படம் என்ற தேசிய விருது அதற்குக் கிடைத்தது. 1906-இல் வ.உ.சி. தொடங்கிய சுதேசிக் கப்பல் கம்பெனியும் லாபக் கணக்கில் தோற்றதுதான். அதற்காக அவரைக் கடைசி ரேங்கில் வைப்போமா?

ஆகவே நண்பர்களே, ஒரு சின்ன யோசனை. படம் பார்த்த அன்றே டைரியில் பேர், தேதி, மார்க் எழுதி வையுங்கள். அது இன்டர்னல் மார்க். வருஷக் கடைசியில் இரண்டிரண்டு படமாக எடுத்து, "மறுபடி பார்ப்பதென்றால் எதற்கு டிக்கெட் எடுப்பேன்?" என்று கேளுங்கள். ஜெயித்தது மேலே போகட்டும். அதுதான் போர்டு எக்ஸாம்! முதல் நாள் அரியர் வாங்கிய படம்கூட அதில் டிஸ்டிங்ஷன் அடிக்கலாம்.