யமகா ஸ்காங்க் (இசைத்தொகுப்பு)

யமகா ஸ்காங்க் என்பது ஜமைக்கா இசைத் தயாரிப்பாளர் ரூப்பி எட்வர்ட்ஸ் 1974 ஆம் ஆண்டில் வெளியிட்ட ரெகே இசைத்தொகுப்பு ஆகும். பல கலைஞர்கள் பங்கேற்ற இத்தொகுப்பின் எல்லாப் பாடல்களுக்கும் பின்னணி இசை ஒன்றே. ஒரே பின்னணியைக் கொண்டு வெளியான முதல் நீள்தட்டு இது எனப் பொதுவாகக் கருதப்படுகிறது. டிஜே ஷார்ட்டி த பிரசிடென்ட் பாடிய பாடலின் பெயரே தொகுப்புக்கும் இடப்பட்டது.

ரிடிம்

இத்தகைய பின்னணியை ஜமைக்காவில் ரிடிம் என்பர். ரிடிம் என்பது மெட்டு அன்று. பேஸ் கிட்டாரில் திரும்பத் திரும்ப வரும் ஒரு சிறு சுர வரிசையும் அதனுடன் இணைந்த டிரம்ஸ் தாளமுமே அதன் அடிப்படை. அதன் மேல் பாடுபவர் சொற்களை மட்டுமன்றி மெட்டையும் மாற்றிக்கொள்ளலாம். ஒருவர் காதலைப் பாடுவார்; டிஜே எனப்படுபவர் தாளத்தோடு பேசிக்கொண்டே போவார்; வேறொருவர் குரலே இன்றி ஒரு கருவியை வாசிப்பார். பேஸ் வரிசை மாறாத வரை ரிடிம் அதுவேதான்.

யமகா ஸ்காங்கின் ரிடிம், யுனிக்ஸ் குழுவினர் 1968 இல் பாடிய 'மை கான்வர்சேஷன்' என்ற பாடலிலிருந்து வந்தது. அதன் தயாரிப்பாளர் பன்னி லீ. முதன்மைப் பாடகர் ஸ்லிம் ஸ்மித். ஸ்மித் 1973 இல் இறந்துவிட்டார். மறு ஆண்டே அவர் பாடிய பின்னணியின் மீது பிறர் குரல்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஒரே தட்டில் இடம்பெற்றன.

ஒரு பின்னணியை மீண்டும் பயன்படுத்துவது அப்போது புதிதல்ல. ஜமைக்காவின் சிறு இசைத்தட்டுகளில் முன்பக்கம் பாடலும் பின்பக்கம் 'வெர்ஷன்' எனப்படும் குரல் நீக்கிய வடிவமும் இருக்கும். ஒலிப்பதிவுக் கூடத்துக்கும் வாத்தியக்காரர்களுக்கும் மறுபடி பணம் தர வேண்டியதில்லை என்பதும் இதற்கு ஒரு காரணம். ஆனால் வெறும் சிக்கனம் என்று இதை ஒதுக்கிவிட முடியாது. ஒரே பேஸ் வரிசையைத் தொடர்ந்து கேட்கும்போது, ஒவ்வொரு பாடகரும் எங்கே நுழைகிறார், எங்கே தாளத்துக்குப் பின்தங்கி இழுக்கிறார் என்பதைக் காது தானாகக் கவனிக்கத் தொடங்குகிறது. தனிப்பாடலில் இது எளிதில் புலப்படாது.

உரிமைச் சிக்கல்

ரிடிமை உண்மையில் உருவாக்கியவர்கள் வாத்தியக்காரர்கள். ஆனால் அவர்கள் பெரும்பாலும் ஒலிப்பதிவு நாளுக்கான கூலியை மட்டுமே பெற்றனர். நாடா தயாரிப்பாளரிடம் இருந்தது. பதிப்புரிமைச் சட்டம் சொல்லுக்கும் மெட்டுக்கும் தரும் பாதுகாப்பு பேஸ், டிரம்ஸ் வாசிப்புக்கு எளிதில் கிடைப்பதில்லை. ஜமைக்கா 1993 இல்தான் புதிய பதிப்புரிமைச் சட்டத்தை இயற்றியது. அதற்குள் பல பழைய ரிடிம்கள் எண்ணற்ற முறை கைமாறிவிட்டன.

பிற்காலத் தொகுப்புகள்

1985 இல் கிங் ஜாமி, காசியோ மின்னணு விசைப்பலகையில் பிறந்த ஸ்லெங் டெங் ரிடிமைக் கொண்டு ஒரு முழுத் தொகுப்பு வெளியிட்டார். 2002 இல் கிரீன்ஸ்லீவ்ஸ் நிறுவனத்தின் ரிடிம் தொகுப்பு வரிசையில் வந்த 'தீவாளி', தீபாவளியின் பெயரைத் தாங்கியது. ஸ்டீவன் 'லெங்கி' மார்ஸ்டன் அமைத்த, கைதட்டல் ஒலி மேலோங்கிய இந்த ரிடிமில் ஷான் பால் பாடிய 'கெட் பிஸி' 2003 இல் அமெரிக்காவின் பில்போர்டு பட்டியலில் முதலிடம் பெற்றது.