விளக்கிச் சொல்லும்போது வளரும் மூளை

அமெரிக்காவின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் நான்கைந்து வயதுக் குழந்தைகளை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. பூச்சிப் பொம்மைகளை ஓர் ஒழுங்கில் வரிசையாக அடுக்கி, அடுத்து எது வரும் என்று கேட்டார்கள். சரியான விடை தெரிந்த பிறகு, ஒரு பிரிவுக் குழந்தைகள் அதைத் திருப்பிச் சொன்னால் போதும். இன்னொரு பிரிவினர், அது ஏன் சரி என்று தமக்குத்தாமே விளக்கிக்கொள்ள வேண்டும். மூன்றாம் பிரிவினர் அதே விளக்கத்தை அம்மாவிடம் சொல்ல வேண்டும். அம்மாவுக்கு விதித்த நிபந்தனை ஒன்றுதான்: காது கொடுத்துக் கேட்கலாம், உதவக் கூடாது.

பெத்தனி ரிட்டில்-ஜான்சனும் உடன் ஆய்ந்தவர்களும் 2008இல் வெளியிட்ட முடிவு இது. விடையைத் திருப்பிச் சொன்னவர்களைவிட, விளக்கம் சொன்ன இரு பிரிவினரும் நன்றாகக் கற்றார்கள். ஆனால் புதிய, கடினமான வரிசைகளைக் கொடுத்தபோது முன்னே நின்றவர்கள் அம்மாவிடம் விளக்கியவர்கள். அந்த அம்மாக்கள் ஒரு குறிப்பும் கொடுக்கவில்லை. கேட்டுக்கொண்டிருந்தார்கள், அவ்வளவுதான்.

சும்மா இருந்து கேட்பதால் குழந்தையின் மூளைக்குள் என்ன மாறிவிடுகிறது? ரஷ்ய உளவியலாளர் லெவ் வைகாட்ஸ்கியின் விளக்கம் இங்கே கைகொடுக்கிறது. 37 வயதில் காசநோயால் இறந்த அவருடைய முக்கியமான நூல், அவர் மறைந்த 1934ஆம் ஆண்டிலேயே வெளிவந்தது. நாம் நமக்குள் பேசிக்கொள்ளும் பேச்சு மிகவும் சுருங்கியது என்றார் அவர். அதில் எழுவாய் விழுந்துவிடும், பயனிலை மட்டும் நிற்கும். எதைப் பற்றி யோசிக்கிறோம் என்பது நமக்கே தெரியும் அல்லவா? எதிரே ஓர் ஆள் வந்துவிட்டால் அந்தச் சுருக்கம் செல்லாது. விட்டுப்போனதையெல்லாம் நிரப்பிச் சொல்ல வேண்டும். நிரப்பப் போகும்போதுதான், தனக்குத் தெரியும் என்று நினைத்த இடத்தில் ஓட்டை இருப்பது குழந்தைக்கே தெரிகிறது. எழுத்தில் இது இன்னும் கடினம். வாசிப்பவரின் முகம் தெரியாது, கையைக் காட்டி விளக்க முடியாது, 'அது இருக்குல்ல, அது' என்று ஒப்பேற்ற முடியாது.

வைகாட்ஸ்கி பிறந்த அதே 1896இல் பிறந்த இன்னொருவர் இதை ஒரு கிராமத்துப் பள்ளியில் நடத்தியே காட்டினார். அவர் செலஸ்தேன் ஃப்ரெனே. முதல் உலகப்போரில் நுரையீரலில் குண்டு பாய்ந்து, நீண்ட நேரம் உரக்கப் பேச முடியாத நிலையில், 1920இல் தென்கிழக்குப் பிரான்சின் பார்-சுர்-லூ என்ற ஊரில் தொடக்கப்பள்ளி ஆசிரியராகச் சேர்ந்தார். மணிக்கணக்கில் நின்று பாடம் நடத்த உடம்பு ஒத்துழைக்கவில்லை. பிள்ளைகளே பேசட்டும், எழுதட்டும் என்று வழியை மாற்றினார். 1924இல் வகுப்பறைக்குள் ஒரு சிறிய கை அச்சு இயந்திரம் வந்தது.

நடைமுறை இப்படி: பிள்ளைகள் தாங்கள் பார்த்ததை, செய்ததைத் தாங்களாகவே எழுதி வந்து வகுப்பில் வாசிப்பார்கள். எதை அச்சிடுவது என்று வகுப்பே வாக்களித்து முடிவு செய்யும். தேர்வானது கரும்பலகைக்கு வரும். இந்த இடம் புரியவில்லை, இந்தச் சொல் வேண்டாம் என்று எல்லாரும் சேர்ந்து திருத்துவார்கள். பிறகு ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கோப்பார்கள். அச்செழுத்து கண்ணாடியில் தெரிவதுபோல இடவலம் மாறியிருக்கும். பழகிய எழுத்தைக்கூட நின்று பார்த்துத்தான் கையில் எடுக்க வேண்டும். ஓர் எழுத்து விட்டுப்போனால் தாளில் அப்பட்டமாகத் தெரியும், கோத்ததைப் பிரித்துச் சரிசெய்ய வேண்டும். சிவப்பு மையில் பத்துத் தடவை வட்டமிட்டாலும் கிடைக்காத கவனம் இதில் தானாகவே வந்துவிடும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

1926இல், நாட்டின் எதிர்க்கோடியில் பிரிட்டனி கடற்கரையிலுள்ள ட்ரெகங்க் ஊர்ப் பள்ளியோடு கடிதப் போக்குவரத்து தொடங்கியது. அங்கே ஆசிரியர் ரெனே டேனியல். பார்-சுர்-லூவில் வாசனைத் திரவியத்துக்காக ஆரஞ்சுப் பூ பறிப்பார்கள், அது அந்த ஊர்ப் பிள்ளைக்கு அன்றாடக் காட்சி. அட்லான்டிக் கரையில் வளரும் பிள்ளை அதைக் கண்டதே இல்லை. அதனால் எழுதுகிற பிள்ளை, மரம் எப்படி இருக்கும், பூவை யார் பறிப்பார்கள், பறித்த பூ எங்கே போகிறது என்று அடியிலிருந்து யோசித்தாக வேண்டும். பதில் தெரியாவிட்டால் வீட்டுக்கும் ஊர்ப் பெரியவர்களிடமும் ஓட வேண்டும். அச்சான தாள்கள் வீட்டுக்குப் போயின. தன் பிள்ளைக்குள் என்ன ஓடுகிறது என்பதைத் தாயும் தகப்பனும் அந்தத் தாளில் வாசித்தார்கள்.

வாசகர்கள் உண்மையான வாசகர்கள் என்பதால் உரசலும் வந்தது. பின்னர் ஃப்ரெனே பணியாற்றிய சான்-போல் ஊரில், மேயரைப் பற்றி ஒரு பிள்ளை கண்ட கனவு அச்சில் வந்ததை எதிரிகள் சுவரொட்டியாக்கிவிட்டார்கள். ஃப்ரெனே அரசுப் பள்ளியை விட்டு விலக வேண்டியதாயிற்று. 1935இல் வான்ஸில் சொந்தமாகப் பள்ளி தொடங்கி, அதே வழியில் தொடர்ந்தார்.

நம் பிள்ளைகளின் நோட்டை வாசிப்பவர் பெரும்பாலும் ஆசிரியர் ஒருவர்தான். அவருக்கோ விடை முன்பே தெரியும். தெரிந்தவரிடம் விளக்கிச் சொல்லப் பிள்ளைக்கு என்ன தேவை இருக்கிறது? தெரியாதவராக உட்கார்ந்து கேட்கும் அந்த இடம் பெற்றோருக்கு உரியது. அப்படி உட்கார்ந்தாலும் நம்மிடம் ஒரு குறை உண்டு: அவசரம். அமெரிக்கத் தொடக்கப்பள்ளி அறிவியல் வகுப்புகளை ஒலிநாடாவில் பதிவு செய்து ஆராய்ந்த மேரி பட் ரோ, கேள்வி கேட்ட ஆசிரியர்கள் பதிலுக்காகச் சராசரியாக ஒரு வினாடி அளவே காத்திருக்கிறார்கள் என்று கண்டார். அதை மூன்று வினாடியாக்கியதும் பதில்கள் நீண்டன, 'தெரியாது' என்பது குறைந்தது, மந்தம் என்று ஒதுக்கப்பட்ட பிள்ளைகளும் வாய் திறந்தார்கள்.

பெற்றோரே, உங்கள் பிள்ளை பள்ளியில் படித்த ஏதாவது ஒன்றை இன்று விளக்கிச் சொல்லவோ எழுதவோ சொல்லுங்கள். தடுமாறினால் எடுத்துக்கொடுக்காதீர்கள், எழுத்துப் பிழையை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம். 'இந்த இடம் எனக்குப் புரியலையே, இன்னொரு தடவை சொல்லு' என்று மட்டும் கேட்டுவிட்டு, மூன்று வினாடி பொறுத்திருங்கள்.