உபாத்தியாயருக்குப் பாடம் சொல்வது யார்?

பெயரிலேயே ஒரு கிணற்றை வைத்துக் கொண்டிருக்கும் ஊர் மல்லாங்கிணறு. அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்து வானம் பார்த்த பூமியைச் சேர்ந்தது. ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பி விதைத்து, அது பொய்த்தால் அடுத்த வருஷத்தை நம்பும் ஜனங்கள் வாழும் பிரதேசம். இங்கே தண்ணீரைப் பற்றி ஒன்றும் அறியாத குழந்தை இருக்க முடியாது. ஆனால் அதே குழந்தையை விஞ்ஞான வகுப்பில் எழுப்பி, "நிலத்தடி நீர் என்றால் என்ன?" என்று கேட்டுப் பாருங்கள். வாயில் கொழுக்கட்டை அடைத்தாற்போல் நிற்கும்.

குற்றம் குழந்தையுடையதன்று, உபாத்தியாயர்களாகிய நம்முடையதே. இதை நாம் பட்டுத்தான் தெரிந்து கொண்டோம். இந்தச் சீமைப் பாடசாலை ஒன்றுக்கு வந்த புதிதில், பூமியின் அடுக்குகளைக் கரும்பலகையில் வர்ணச் சாக்குக் கட்டிகளால் அழகாக வரைந்தோம். வகுப்பு மௌனமாயிருந்தது. கடைசிப் பெஞ்சுப் பையன் ஒருவன் மட்டும் ஏதோ முணுமுணுத்தான். அதட்டி எழுப்பினோம்.

"சுக்கானை விட்டுட்டீங்க, ஸார்!" என்றான்.

அவன் தகப்பனார் கிணறு வெட்டுகிறவர். மேலே கரிசல், அதன் கீழே சுண்ணாம்புச் சுக்கான், அதற்கும் கீழே பாறை என்று முழக் கணக்கோடு ஒப்பித்தான். பட்டமும் பயிற்சிச் சான்றும் பெற்ற நமக்கு அது தெரியாது. அதைவிட வருத்தமான சங்கதி, தான் சொன்னது விஞ்ஞானந்தான் என்பது அவனுக்கும் தெரியாது!

மறுநாள் இரண்டு தகரக் குவளைகளின் அடியில் துளையிட்டு, ஒன்றில் கரிசலையும் மற்றொன்றில் ஆற்று மணலையும் சம அளவு நிரப்பித் தண்ணீர் விட்டோம். மணல் உடனே வடிய விட்டது. கரிசலோ ஊறிப் பருத்து, சொட்டுச் சொட்டாகவே விட்டது. கோடையில் வெடித்துக் கிடக்கும் நிலம் மழை பட்டதும் ஏன் மூடிக் கொள்கிறது என்று பிள்ளைகளே கேட்கத் தொடங்கினார்கள். பயிற்சிக் காலத்தில் பாடக் குறிப்பு எழுதக் கற்றோம். ஊரைப் படிக்கக் கற்கவில்லையே என்று அன்று வெட்கப்பட்டோம்.

உபாத்தியாயர்களை வேறு விதமாகத் தயார் செய்ய முடியுமா? முடியும் என்று மத்தியப் பிரதேசத்தில் செய்தே காட்டியிருக்கிறார்கள். இன்று நர்மதாபுரம் எனப்படும் ஹோஷங்காபாத் ஜில்லாவில், 1972-ல் கிஷோர் பாரதி, ரஸூலியா நண்பர்கள் கிராம நிலையம் என்ற இரு ஸ்தாபனங்கள் 16 நடுநிலைப் பாடசாலைகளில் இந்த வேலையைத் தொடங்கின. டில்லி சர்வகலாசாலையிலிருந்தும் பம்பாய் டாட்டா ஆராய்ச்சி நிலையத்திலிருந்தும் விஞ்ஞானிகள் வந்து உதவினார்கள். பயிற்சி முகாமில் கிராமத்து உபாத்தியாயர்கள் வெறும் பிரசங்கம் கேட்டுக் கொண்டிருக்கவில்லை. மாணவர்கள் செய்ய வேண்டிய பரிசோதனைகளைத் தாங்களே செய்தார்கள், தவறினார்கள், வாதாடினார்கள். பூவைப் பிரித்துப் பார்க்க ஊசி இல்லையா? கருவேல முள் இருக்கவே இருக்கிறது! முகாமோடு விட்டு விடாமல், மாதந்தோறும் கூடித் தங்கள் சங்கடங்களைப் பேசித் தீர்த்தார்கள். 1978-ல் இம்முறை ஜில்லா முழுவதும் பரவிற்று. 1982-ல் ஏகலவ்யா என்ற ஸ்தாபனம் தோன்றி இதை மேற்கொண்டது. 2002-ல் ராஜ்ய சர்க்கார் இதை நிறுத்தி விட்டது பெரிய நஷ்டமே. ஆயினும் முப்பது வருஷ அனுபவம் வீணாகாது. கருவேல முள்ளுக்கு நம் ஜில்லாவில் பஞ்சமா?

நம் ராஜ்யத்திலும் 2022 நவம்பரில் சர்க்கார் 'வானவில் மன்றம்' தொடங்கி, 6 முதல் 8 வரையுள்ள வகுப்புகளுக்குப் பரிசோதனைச் சாமான்களோடு கருத்தாளர்களை அனுப்ப ஏற்பாடு செய்தது. நல்ல காரியம். ஆனால் வந்தவர் போன பின்பும் வகுப்பில் இருப்பவர் உபாத்தியாயர்தாம். அவரைத் தயார் செய்யாவிட்டால் வானவில் ஒரு நாள் காட்சியாகவே முடியும்.

"விஞ்ஞானம் சரி, கம்ப்யூட்டருக்கும் கரிசலுக்கும் என்ன சம்பந்தம்?" என்று நேயர்கள் கேட்கலாம். வாசலைப் பாருங்கள். தாம்பரம் கிறிஸ்தவக் கல்லூரியைச் சேர்ந்த கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி இருவரும் கமலா கிருத்திவாசனோடு சேர்ந்து, நம் கோலங்களின் இலக்கணத்தைக் கம்ப்யூட்டர் சாஸ்திர ரீதியாக ஆராய்ந்து 1974-ல் கட்டுரை வெளியிட்டார்கள். புள்ளி வைத்து, ஒரே விதியைத் திரும்பத் திரும்பப் பிரயோகித்துக் கோலத்தை வளர்க்கும் சிறுமி, கம்ப்யூட்டருக்குக் கட்டளை எழுதும் வித்தையின் வாசலில்தான் நிற்கிறாள். அருப்புக்கோட்டைத் தறிகளையும் பாருங்கள். மிதியை அழுத்தினால் பாவு நூல்களில் சில மேலே, சில கீழே. மேலே என்றால் ஒன்று, கீழே என்றால் பூஜ்யம். 1804-ல் பிரான்ஸ் தேசத்து ஜக்கார்டு துளையிட்ட அட்டைகளால் தறியை இயக்கினார். அந்த அட்டைகளே பின்னர் இங்கிலாந்தில் பாபேஜ் என்பவருக்கு எண்ணும் யந்திரத்தின் யோசனைக்கு உதவின. கைத்தொழிலின் வழியே கல்வி என்று 1937-ல் வார்தா மகாநாட்டில் காந்தியடிகள் சொன்னது எவ்வளவு தூரம் செல்கிறது, பார்த்தீர்களா!

ஊரில் சொல்வதெல்லாம் விஞ்ஞானம் என்று நாம் வாதிக்கவில்லை. உள்ளங்கையில் தேங்காயை வைத்து நீரோட்டம் பார்ப்பதை நம்பிக் கடன் வாங்கி ஆழ்துளைக் கிணறு போட்டவர்கள் உண்டு. தண்ணீர் வராவிட்டால் மிஞ்சுவது வட்டிதான். இதைப் பரிகசிக்கும் உபாத்தியாயரை ஊர் கேட்காது. பயந்து வாய் மூடும் உபாத்தியாயரால் ஊருக்குப் பிரயோஜனமில்லை. எத்தனை முறை பலித்தது, எத்தனை முறை பொய்த்தது என்று பிள்ளைகளையே கணக்கெடுக்கச் செய்பவரே வேண்டும்.

ஆகவே, இத்தகைய பாடசாலைக்கு வரும் இளைஞர் முதல் பாடக் குறிப்பை எழுதுமுன், கிணறு வெட்டுவோரிடமும் நெசவாளரிடமும் கோலமிடும் பெண்களிடமும் ஒரு மாதமாவது மாணவராயிருக்கட்டும். அதன் பிறகு மாதம் ஒரு நாள் சக உபாத்தியாயர்களோடு கூடி, தாம் தவறியதைக் கூசாமல் சொல்லட்டும். விஞ்ஞானமும் கம்ப்யூட்டரும் படித்த பிள்ளைகளை வீட்டில் வைத்திருக்கும் பெற்றோர்களே! "பட்டிக்காட்டு வாத்தியார் வேலையா?" என்று மட்டும் அவர்களைத் தடுத்து விடாதீர்கள்.

நாம் இப்போது ஒவ்வொரு வருஷமும் பூமியின் அடுக்குகளை வரையும்போது சுக்கானை வேண்டுமென்றே விட்டு விடுகிறோம். யாராவது ஒரு பிள்ளை எழுந்து திருத்தும் வரையில் பாடம் நகர்வதில்லை.