இறால் ஒத்துக்கொள்ளாதவர் சில்வண்டு சாப்பிடலாமா?

பல்கலைக்கழக உணவகத்தில் தோழி ஒரு பொட்டலத்தைப் பிரித்து நீட்டினாள். உள்ளே வறுத்த சில்வண்டுகள். இறால் சாப்பிட்டால் எனக்கு உதடு வீங்கிவிடும் என்பது அவளுக்குத் தெரியும். “இது இறால் இல்லையே, தைரியமாகச் சாப்பிடு!” என்றாள்.

சிங்கப்பூர் உணவு அமைப்பு 2024 ஜூலையில் 16 பூச்சி வகைகளை உணவாக அனுமதித்தது. சில்வண்டு, வெட்டுக்கிளி, பட்டுப்புழு போன்றவை அவற்றில் அடங்கும். காட்டில் பிடித்த பூச்சிகளை விற்கக்கூடாது. தூய்மையான தீவனம் கொடுத்துப் பண்ணையில் வளர்த்திருக்க வேண்டும். அதனால் பயமில்லை என்றுதான் நானும் நினைத்தேன். சாப்பிடுமுன் கைப்பேசியில் தேடிப் பார்த்தது நல்லதாகப் போயிற்று.

பூச்சி, இறால், நண்டு மூன்றுமே கணுக்காலிகள். இறால் ஒவ்வாமைக்கு முக்கியக் காரணம் டிரோப்போமயோசின் என்னும் புரதம். அதை மிகவும் ஒத்த புரதம் பூச்சிகளிலும் உண்டு. வறுத்தாலும் பொரித்தாலும் அது எளிதில் அழிவதில்லை. அனுமதி பெற்ற உணவு என்பதால் அது எல்லாருக்கும் ஒத்துக்கொள்ளும் என்று சொல்லிவிட முடியாது.

முழுப் பூச்சியைக் கண்டால் ஒதுங்கிவிடலாம். மாவாக அரைத்து பிஸ்கட்டில் சேர்த்தால் கண்ணுக்குத் தெரியாது. பொட்டலத்தின் மேல் அதைக் குறிப்பிடவேண்டும் என்பது விதி. அதைப் படிப்பது நம் பொறுப்பு.

பொட்டலத்தைத் திருப்பிக் கொடுத்தேன். தோழி ரசித்துச் சாப்பிட்டாள். நான் உருளைக்கிழங்கு கறிபாப் வாங்கிக்கொண்டேன்.