பெற்றோலா, டீசலா: சூழலுக்குக் கேடு எது?

வாகனங்களில் சூழலுக்குக் கூடிய கேடு விளைவிப்பது பெற்றோலா, டீசலா என்ற வினாவுக்கு ஒரு சொல்லில் விடை கூறிவிட முடியாது.

ஒரு லீற்றர் பெற்றோல் எரியும்போது ஏறத்தாழ 2.3 கிலோகிராம் காபனீரொட்சைட்டு வெளியேறுகின்றது. டீசலில் இது 2.7 கிலோகிராம் ஆகும். ஆயினும் டீசல் வாகனம் ஒரு லீற்றரில் கூடிய தூரம் ஓடுவதால், கிலோமீற்றர் கணக்கில் அது வெளியேற்றும் காபனீரொட்சைட்டு பொதுவாகக் குறைவே.

மனிதரின் சுவாசத்தை நோக்கினால் நிலைமை தலைகீழாகின்றது. டீசல் புகையிலுள்ள நுண்ணிய கரித்துகள்களும் நைதரசன் ஒட்சைட்டுகளும் நுரையீரலைத் தாக்குகின்றன. டீசல் புகை மனிதரில் புற்றுநோயை ஏற்படுத்தும் என உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வுப் பிரிவு 2012இல் வகைப்படுத்தியது. துகள் வடிகட்டி பொருத்திய புதிய வாகனங்களில் இக்கேடு வெகுவாகக் குறையும். ஆனால், அவ்வடிகட்டி சீராக இயங்குவதற்குக் கந்தகம் குறைந்த டீசல் அவசியம்.

இலங்கையில் ஈயம் கலந்த பெற்றோல் 2002இல் நிறுத்தப்பட்டது. வாகனப் புகைப் பரிசோதனை 2008இல் ஆரம்பமானது. எனினும் கரும்புகை கக்கும் பஸ்களும் லொறிகளும் வீதிகளிலிருந்து மறைந்துவிடவில்லை. அப்புகையைச் சுவாசிப்போர் நடைபாதை வியாபாரிகளும் பஸ் தரிப்பிடத்தில் காத்து நிற்கும் மாணவர்களுமே.

ஐம்பது பேரை ஏற்றிச்செல்லும் பஸ் தேவையானது. அதன் புகைதான் தேவையற்றது. முறையான பராமரிப்பும் நேர்மையான பரிசோதனையுமே இதற்கான வழியாகும்.