சன்ஸ்கிரீன் ட்யூபின் பின்பக்கம்

கடந்த கோடையில் என் முன்கைகள் இரண்டும் சிவந்து தடித்தன. அரைக்கைச் சட்டையின் விளிம்பு முடியும் இடத்திலிருந்து விரல் கணுக்கள் வரை அரிப்பு. வெயிலின் வேலை என்று எண்ணி, காலை நடைக்குப் புறப்படும்போது சன்ஸ்கிரீனை இன்னும் தாராளமாகப் பூசினேன். அரிப்பு கூடியதே தவிரக் குறையவில்லை. தோல் மருத்துவர் இரண்டைக் கவனித்தார். கைக்கடிகாரப் பட்டைக்கு அடியிலும் அதே களிம்பைத்தான் பூசியிருந்தேன். அந்த ஓரங்குல வளையம் மட்டும் நன்றாக இருந்தது. அடுத்து அவர் கேட்டார்: 'வலிக்கு ஏதாவது ஜெல் தடவியதுண்டா?'

முந்தைய ஆண்டு மணிக்கட்டு வலிக்காகக் கீட்டோபுரோஃபென் அடங்கிய ஜெல்லைச் சில வாரங்கள் தடவியிருந்தேன். அந்த மருந்து பட்ட தோலில் வெயில் விழுந்தால் சிலருக்கு ஒளி ஒவ்வாமை உண்டாகும். அவ்வாறு ஒருமுறை விழித்துக்கொண்ட உடல், பிறகு ஆக்டோகிரைலீன் என்ற வேதிப்பொருளையும் எதிரியாகக் கருதக்கூடும். ஆக்டோகிரைலீன் என் சன்ஸ்கிரீனில் இருந்தது. ட்யூபின் பின்பக்கத்தில், பூதக்கண்ணாடி இல்லாமல் என்னால் படிக்க முடியாத எழுத்தில். முதுகில் இரண்டு வரிசையாக ஒட்டுகள் வைத்து, ஒரு வரிசையில் மட்டும் புற ஊதாக் கதிரைச் செலுத்திப் பார்த்த சோதனை இதை உறுதி செய்தது. வெளிச்சம் படாததால்தான் கடிகாரப் பட்டையின் அடிப்பகுதி தப்பியிருக்கிறது.

நாற்பதாண்டுக் காலம் பொருளியல் படித்தும் கற்பித்தும் வந்த எனக்கு இதில் மருத்துவத்தைவிட வேறொன்று உறுத்தியது. 1973இல் மைக்கேல் டார்பி, எடி கார்னி என்ற இரு பொருளியலாளர்கள், வாங்கிப் பயன்படுத்திய பிறகும் தரத்தை நுகர்வோரால் எளிதில் கண்டறிய இயலாத பண்டங்களைத் தனி வகையாகப் பிரித்துக் காட்டினார்கள். அவற்றை நம்பிக்கைப் பண்டங்கள் எனலாம். கத்தரிக்காய் சொத்தையா என்பது அரிந்தால் தெரிந்துவிடும். சன்ஸ்கிரீனில் எழுதியிருக்கும் எஸ்பிஎஃப் 50 உண்மையில் ஐம்பதுதானா என்பது பூசியவருக்குக் கடைசிவரை தெரியாது.

இந்த ஐயம் வெறும் கற்பனையன்று. சன்ஸ்கிரீன் விதிகள் கடுமையாக உள்ள ஆஸ்திரேலியாவில், 2025இல் ஒரு நுகர்வோர் அமைப்பு 20 தயாரிப்புகளைச் சோதித்தபோது 16 தயாரிப்புகள் தாங்கள் அறிவித்த அளவை எட்டவில்லை. ஐம்பதுக்கு மேல் என்று விற்கப்பட்ட ஒன்று நான்கில் நின்றது. அதே ஆண்டு நம் நாட்டிலும் இரண்டு பெரிய நிறுவனங்கள் எஸ்பிஎஃப் விளம்பரத்துக்காகத் தில்லி உயர் நீதிமன்றப் படியேறின. முன்பக்கத்து எண்ணுக்காக இவ்வளவு சண்டை. ஆனால் தோலுக்குத் தீங்கு வருமா வராதா என்பதைச் சொல்வது பின்பக்கம்.

அங்குள்ள வடிகட்டிகள் இருவகை. துத்தநாக ஆக்ஸைடு, டைட்டானியம் டைஆக்ஸைடு ஆகிய கனிமங்கள் ஒருவகை. அவோபென்சோன், ஆக்ஸிபென்சோன், ஆக்டினாக்ஸேட், ஆக்டோகிரைலீன் போன்ற கரிமச் சேர்மங்கள் மற்றொரு வகை. கனிமங்கள் கதிரைக் கண்ணாடிபோல் திருப்பியனுப்புகின்றன என்று விளம்பரங்கள் கூறுவதில் பெரிதாக உண்மையில்லை. அவையும் பெரும்பகுதியை உறிஞ்சவே செய்கின்றன. ஆயினும் அவை ஒவ்வாமை உண்டாக்குவது மிக அரிது. கரிம வடிகட்டிகளில் ஒரு காலத்தில் பெரிதும் புழங்கிய பாபா என்ற அமிலம், தோல் ஒவ்வாமையாலும் துணியில் படிந்த கறையாலும் சந்தையிலிருந்து ஏறக்குறைய மறைந்தது. ஆக்ஸிபென்சோன் உள்ளிட்ட பென்சோபீனோன்களை அமெரிக்கத் தொடுதோல் அழற்சி மருத்துவர் சங்கம் 2014ஆம் ஆண்டின் ஒவ்வாமைப் பொருளாக அறிவித்தது.

சன்ஸ்கிரீனால் முகம் எரிகிறது என்பவர்கள் எல்லாரையும் ஒவ்வாமைக்காரர்கள் என்றும் சொல்லிவிட முடியாது. பூசிய சில நிமிடங்களில் எரிந்து, கழுவியதும் அடங்கினால் அது பெரும்பாலும் எரிச்சல் மட்டுமே. ஓரிரு நாள் கழித்துச் சிவந்து, தடித்து, அரித்தால்தான் ஒவ்வாமையை ஐயுற வேண்டும். அதற்கும் வடிகட்டிதான் காரணம் என்பதில்லை. சேர்க்கப்பட்ட நறுமணமோ, மெத்தில் ஐசோதயசோலினோன் போன்ற பதனப்பொருளோ குற்றவாளியாக இருக்கலாம். முழங்கை மடிப்பின் உட்புறத்தில் சிறிது பூசி ஒரு வாரம் பார்ப்பது நல்ல வழக்கம். ஆனால் வெயில் பட்டால் மட்டும் வெளிப்படும் என்னுடையது போன்ற ஒவ்வாமை அச்சோதனையில் சிக்காது.

இன்னொரு கவலையும் பேசப்படுகிறது. 2019இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்தின் ஆய்வாளர்கள் 24 பேரிடம் சோதித்தபோது, நான்கு கரிம வடிகட்டிகள் தோல் வழியே இரத்தத்தில் கலப்பது தெரிந்தது. அதே ஆண்டு அந்நிர்வாகம் 16 வடிகட்டிகளை ஆராய்ந்து, இரண்டு கனிமங்களை மட்டும் பாதுகாப்பானவை என ஏற்க முன்மொழிந்தது. பாபா உள்ளிட்ட இரண்டை மறுத்தது. எஞ்சிய 12க்கு மேலும் தரவு கேட்டது. இரத்தத்தில் கலக்கிறது என்பதாலேயே கேடு விளைவிக்கிறது என்று பொருளில்லை என்பதையும், சன்ஸ்கிரீனை நிறுத்த வேண்டாம் என்பதையும் அந்நிர்வாகமே சொன்னது. வாட்ஸ்ஆப்பில் சுற்றும் செய்திகளில் முதல் பாதி மட்டும் இருக்கும்.

பயன் உண்டு என்பதற்கும் சான்று வலுவானது. ஆஸ்திரேலியாவின் நம்பூர் நகரில் 1,600க்கும் மேற்பட்டோரிடம் 1992 முதல் நடந்த ஆய்வில், நாள்தோறும் பூசியவர்களிடம் ஒருவகைத் தோல் புற்றுநோய் ஏறத்தாழ 40 விழுக்காடு குறைந்தது. அது வெள்ளைத் தோலர்களின் கணக்கு. மெலனின் மிகுந்த நம் தோலுக்குப் புற்றுநோய் அச்சம் மிகக் குறைவு. மங்கு, கருந்திட்டு ஆகியவையே நம்மைச் சன்ஸ்கிரீனுக்கு இட்டுச்செல்கின்றன. மங்கைக் கண்ணுக்குத் தெரியும் ஒளியும் கூட்டுகிறது. அதற்கு இரும்பு ஆக்ஸைடு கலந்த, தோல்நிறம் கொண்ட களிம்பு உதவும். எஸ்பிஎஃப் எண் அதைப் பற்றி ஒன்றும் சொல்லாது.

இந்தியாவில் சன்ஸ்கிரீன் ஓர் அழகுசாதனப் பொருள். 2020ஆம் ஆண்டின் அழகுசாதனப் பொருள் விதிகளின்படி, ஒரு விழுக்காட்டுக்கு மேல் உள்ளவற்றை இறங்குவரிசையிலும் அதற்குக் குறைந்தவற்றை எந்த வரிசையிலும் அச்சிடலாம். எது எத்தனை விழுக்காடு என்று சொல்லும் கட்டாயமில்லை. அமெரிக்காவில் அது மருந்து. ஒவ்வொரு வடிகட்டியின் விழுக்காடும் அட்டையில் இருந்தாக வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தில் ஒவ்வாமை தரக்கூடிய 26 நறுமணப் பொருள்களைத் தனித்தனியே பெயர் சொல்ல வேண்டும் என்ற விதி வந்து இருபதாண்டாகிறது. 2023இல் அப்பட்டியல் மேலும் நீண்டது. நம் ட்யூபில் அவை யாவும் 'வாசனைப் பொருள்' என்ற ஒற்றைச் சொல்லுக்குள் ஒளிந்துகொள்ளலாம்.

வடிகட்டியின் விழுக்காட்டையும் நறுமணத்தின் பெயரையும், என் வயதினர் படிக்கக்கூடிய எழுத்தில் அச்சிடச் செய்வதற்குப் புதிய ஆய்வுக்கூடம் வேண்டாம். விலை கூடவும் காரணமில்லை. நிறுவனத்துக்கு அந்த விவரம் ஏற்கெனவே தெரியும். தெரியாமலிருப்பது வாங்குபவருக்குத்தான்.

நான் இப்போது துத்தநாக ஆக்ஸைடு களிம்புக்கு மாறிவிட்டேன். முகத்தில் திருநீறு பூசியதுபோல் வெள்ளை படிகிறது என்று நடைத்தோழர்கள் கேலி செய்கிறார்கள். கைகளுக்கு முழுக்கைச் சட்டை. வலி ஜெல் வாங்கும்போதும் பின்பக்கத்தைப் படிக்கிறேன், பூதக்கண்ணாடியுடன்.