தசைப்பிடிப்பு மாத்திரையும் தொழிலாளர் விழிப்பும்

குழித்தறியில் நாள் முழுதும் குனிந்திருப்போர்க்கு இடுப்பு வலியும், மண்வெட்டி பிடிப்போர்க்குத் தோள்பட்டைப் பிடிப்பும் புதியன அல்ல. வலி மிகும்போது மருந்துக் கடையில் மாத்திரை வாங்கி விழுங்கிவிட்டு, உடனே வேலைக்குத் திரும்பும் வழக்கத்தைச் சங்கங்களுக்குச் செல்லுமிடமெல்லாம் நாம் காண்கிறோம். வலி தணியலாம், ஆனால் கண் சொருகும். விசைத்தறியின் அருகிலோ, டிராக்டரின் மீதோ, தென்னையின் உச்சியிலோ கண் சொருகினால் விளைவு யாதாகும் என்பதை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

தசையைத் தளர்த்தும் மருந்துகள் எனப்படுபவற்றுள் பெரும்பாலானவை தசையின்மீது நேராக வேலை செய்வதில்லை. மூளையிலும் தண்டுவடத்திலும் செயற்பட்டு, தசையை இறுக்கும்படி அங்கிருந்து வரும் ஆணையை மட்டுப்படுத்துகின்றன. அப்போது விழிப்பும் உடன் மந்தப்படுகிறது. தூக்கம் வந்தால்தான் மருந்து வேலை செய்கிறது என்று சிலர் கருதுவது தவறு. தூக்கம் பக்கவிளைவேயன்றிக் குணத்தின் அறிகுறியன்று.

எல்லா மருந்துகளும் ஒரே அளவில் உறக்கம் தருவதில்லை. டிசானிடின், சைக்ளோபென்சாப்ரின் ஆகியவை மிகுதியாகத் தருவன. டிசானிடின் இரத்த அழுத்தத்தையும் குறைப்பதால், சட்டென எழுந்தால் தலை சுற்றும். சிப்ரோஃப்ளாக்சசின் என்னும் கிருமிக்கொல்லி மாத்திரையுடன் அதனை உண்ணவே கூடாது. காரிசோப்ரோடால் உறக்கத்தோடு அடிமைப் பழக்கத்தையும் உண்டாக்கும். 2007-இல் ஐரோப்பிய மருந்து முகமை அதன் விற்பனையை நிறுத்திவைக்கப் பரிந்துரைத்தது. மெத்தோகார்பமாலில் உறக்கம் இவற்றினும் குறைவு. எபெரிசோன், தயோகோல்சிகோசைடு ஆகியவற்றிலும் பெரும்பாலோர்க்குக் குறைவே. ஆயினும் உறக்கமே தராது என்று எதனையும் உறுதி கூற இயலாது.

இவற்றுள் தயோகோல்சிகோசைடு நம் விவசாயிகளுக்கு அந்நியமானதன்று. தமிழகத்தில் பயிராகும் கண்வலிக் கிழங்காகிய செங்காந்தளின் விதையிலிருந்து கிடைக்கும் பொருளைக் கொண்டு ஆக்கப்படுவதே அது. அதனால் விதையையோ கிழங்கையோ மருந்தென எண்ணி உண்டுவிடலாகாது. அவை உயிர்கொல்லும் நஞ்சு. மாத்திரைக்கும் வரையறை உண்டு. ஒரு வேளைக்கு 8 மில்லிகிராம், 12 மணிக்கு ஒருமுறை, 7 நாட்களுக்கு மேற்படாமல் என்று ஐரோப்பிய முகமை 2013-இல் வரையறுத்தது. கருவுற்றோரும், பாலூட்டுவோரும், கருத்தடை முறை கைக்கொள்ளாத குழந்தை பெறும் வயதினரும் அதனை உண்ணலாகாது. உறக்கம் குறைவென்பது ஒன்றே தேர்வுக்குப் போதாது என்பது இதனால் விளங்கும்.

நூல் வாங்கும்போது எண்ணைக் கேட்கிறோம். விதை வாங்கும்போது ரகத்தைக் கேட்கிறோம். உடலுக்குள் செல்லும் மருந்தை மட்டும் பெயர் கேளாது வாங்குதல் முறையாகுமோ? ஆதலின் உறுப்பினர்கள் கீழ்க்கண்டவற்றைக் கடைப்பிடிப்பார்களாக.

ஒன்று: மருத்துவரிடம் நோயை மட்டுமன்றித் தொழிலையும், ஏற்கெனவே உண்ணும் மருந்துகளையும், ஈரல், சிறுநீரகக் கோளாறு இருப்பின் அதனையும் கூறுக.

இரண்டு: முதல் மாத்திரையை மருத்துவர் இசைவுடன் இரவில் உண்டு, மறுநாள் மந்தம் உளதா என்று பார்த்த பின்னரே இயந்திரத்தை அணுகுக.

மூன்று: மதுவும், குளோர்பெனிரமின் கலந்த சளி மாத்திரையும் உறக்கத்தைப் பெருக்கும்; சேர்க்கலாகாது.

நான்கு: ஒரே மாத்திரையில் வலி மருந்தும் கலந்திருத்தல் வழக்கம். அட்டையைப் படியாது வேறொரு வலி மாத்திரையையும் உண்டால் அளவு இருமடங்காகி, வயிறும் சிறுநீரகமும் கெடும்.

ஐந்து: புதிதாக வந்த இடுப்பு வலி பெரும்பாலும் சில வாரங்களில் தானே தணியும். வெந்நீர் ஒத்தடமும், அளவான நடமாட்டமும் உதவும். இவற்றால் உறக்கமும் இல்லை, செலவும் இல்லை.

கால் மரத்தல், வலுவிழத்தல், சிறுநீர் அடைபடுதல் ஆகியவை வலியுடன் தோன்றினால், மாத்திரையை நம்பி ஒரு நாளும் தாமதியாமல் மருத்துவமனைக்குச் செல்லுதல் வேண்டும்.